எல்லோரும் விளையாடும் கேம் நல்ல கேமா?

வீடியோ கேம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "இத்தனை மில்லியன் பேர் விளையாடுறாங்க, நல்லா இல்லாமலா?" என்று கேட்கும். மற்றக் கட்சி, "எல்லாரும் விளையாடுறாங்க என்றாலே அதில ஒண்டும் இல்ல மச்சான், உண்மையான கேம் எல்லாம் வேற" என்று சிரிக்கும். திருகோணமலை உவர்மலையில் ரியூஷன் முடிந்து மதிலில் சாய்ந்து நிற்கும் பெடியன்கள் முதல் கிண்ணியாவில் போன் திருத்துகிறவர் வரை, இந்த இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்ல ஆள் இருக்கும்.

இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன. எத்தனை பேரை ஒரு கேம் இழுக்கிறது என்பதும், அது எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று நினைக்கிறார்கள். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்கிறது முதல் கட்சி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்கிறது இரண்டாவது. உண்மையில் இவை தனித்தனிக் காரணங்களால் உண்டாகும் இரண்டு வேறு விஷயங்கள். முதலாவதை வெகுசன ஈர்ப்பு என்றும், இரண்டாவதைத் தரம் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

## மென்பந்தும் கடினபந்தும்

டச்சுக்குடாக் கடற்கரைக்குப் பின்னேரம் போய்ப் பார்த்தால் எங்காவது மென்பந்து கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து, ஸ்டம்புக்குப் பதில் நாலு செருப்பு. வழியில் போகிறவரைக்கூட "அண்ணா, ஃபீல்டிங்குக்கு ஒராள் குறையுது" என்று கூப்பிட்டுவிடுவார்கள். கடினபந்து அப்படி இல்லை. காலுக்குக் காப்பு, கையுறை, ஹெல்மெட், ஒழுங்கான ஆடுகளம், பயிற்சியாளர், பாடசாலை அணியில் ஓர் இடம் என்று எல்லாம் அமைந்தால்தான் மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு போட்டி.

அதனால் ஊரில் மென்பந்து ஆடுகிறவர்கள்தான் அதிகம். இதை வைத்து மென்பந்துதான் சிறந்த ஆட்டம் என்று யாரும் வாதிடுவதில்லை. மென்பந்து ஆடுகிறவனுக்கு ரசனை இல்லை என்றும் யாரும் சொல்வதில்லை. செலவு குறைவு, மணலிலும் ஆடலாம், எத்தனை பேர் வந்தாலும் பிரித்து ஆடலாம். பரவியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அதே நேரம் மென்பந்துக்கு உள்ளேயே நல்ல ஆட்டமும் மோசமான ஆட்டமும் உண்டு. நன்றாக ஒழுங்குசெய்த ஒரு சுற்றுப்போட்டியில் கடைசி ஓவருக்குக் கூட்டம் எழுந்து நிற்கும். வைட் எது, நோபோல் எது என்று பேசிக்கொள்ளாமல் தொடங்கிய ஆட்டமோ பாதியில் சண்டையில் முடியும். இரண்டுமே மென்பந்துதான், இரண்டுமே எளிதில் சேரக்கூடியவைதான். வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் தரம்.

சுருக்கமாக: ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அதன் வாசல் தீர்மானிக்கிறது. வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை உள்ளே இருப்பது தீர்மானிக்கிறது.

## வாசலின் அகலம்

ஒரு கேமைத் தொடங்கும் முன் ஒருவர் தாண்டவேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து நுழைவுத் தடை என்பார்கள். கேமின் விலை, அது ஓடும் கருவியின் விலை, ஒரு தடவை உட்கார்ந்தால் தேவைப்படும் நேரம், கற்றுக்கொள்ள வேண்டிய பட்டன்கள், மொழி எல்லாம் இதில் அடக்கம்.

நம்மூரில் ஃப்ரீ ஃபயர் ஏன் இவ்வளவு பரவியது என்று யோசித்தால் இது உடனே விளங்கும். 2017-இல் கரேனா நிறுவனம் அதை வெளியிட்டபோது விலை கிடையாது. குறைந்த நினைவகம் உள்ள மலிவான போனிலும் ஓடியது. கடைசியில் ஒருவர் மிஞ்சும்வரை சுட்டு ஆடும் கேம் அது. ஒரு சுற்றில் 50 பேர், பத்து நிமிடம் போல ஆடினால் முடிந்துவிடும். அதே வகையைச் சேர்ந்த பப்ஜி மொபைலில் 100 பேர், ஒரு சுற்று அரை மணித்தியாலத்தைத் தொடும், அந்தக் காலத்தில் கொஞ்சம் நல்ல போனும் வேண்டும். கைமாறி வந்த போனையும், ரீலோட் போட்டு வாங்கிய கொஞ்ச டேட்டாவையும் வைத்திருக்கும் பெடியனுக்கு எது வசதி? கணினியிலோ பிளேஸ்டேஷனிலோ மட்டும் வரும் கேம்கள் இந்தப் போட்டிக்கே வரவில்லை. அந்தக் கருவியின் விலை பல வீடுகளுக்குச் சில மாதச் செலவு.

எனக்குத் தனிப்பட்ட முறையில் ஃப்ரீ ஃபயர் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அதைக் குப்பை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கேமைப் பார்த்து அல்ல, அதை ஆடுகிறவனின் போனைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும்.

வாசலை அகலமாக்குவது தரத்தைக் குறைப்பதுதான் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரையைப் பாருங்கள். ஓர் எழுத்துக்கூட விளக்கம் இல்லை. வலப்பக்கம் போக இடம் இருக்கிறது, எதிரே ஒரு சின்ன எதிரி மெதுவாக நடந்து வருகிறது. ஒன்றும் செய்யாவிட்டால் அது முட்டி நீங்கள் தோற்பீர்கள். தொடங்கி சில நொடிதான் என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. அடுத்த தடவை குதிக்கிறீர்கள். குதிக்கப் பழகியாயிற்று. படிக்கத் தெரியாத பிள்ளையும் ஆடக்கூடிய வாசல் அது. அப்படி ஒரு வாசலைக் கட்டுவது சாதாரண வேலை இல்லை.

எல்டன் ரிங் இன்னும் சுவாரசியமான உதாரணம். ஜப்பானின் ஃப்ரம்சொஃப்ட்வேர் நிறுவனத்தின் கேம்கள் 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் முதலே ஆளை வதைக்கும் கடினத்துக்குப் பெயர்போனவை. கொஞ்சப் பேருக்கு மட்டும் பிடித்த வகை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2022-இல் எல்டன் ரிங் வந்தது, சில வாரங்களில் 12 மில்லியன் பிரதிகள் விற்றன. கடினத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை. பரந்த நிலப்பரப்பைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு பெரிய எதிரியிடம் தோற்றுக்கொண்டே இருந்தால் குதிரையில் ஏறி வேறு பக்கம் போகலாம், பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். உள்ளே இருந்த மலையின் உயரம் குறையவில்லை, ஏறும் வழிகள் கூடின.

## கூட்டம் கூட்டத்தை இழுக்கும்

வாசல் அகலமாக இருந்தால் மட்டும் போதாது. இலவசமான, எளிதான கேம்கள் போனில் இருக்கும் ஆப் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவற்றை யாரும் சீண்டுவதில்லை. இரண்டாவது விசை வேறு.

அமோங் அஸ் என்ற கேம் 2018-இல் வந்தது. இன்னர்ஸ்லொத் என்ற மிகச் சிறிய குழு செய்தது. இரண்டு வருடம் அதைச் சீண்டியவர்கள் குறைவு. 2020-இல் கொரோனா முடக்கத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, நேரலையில் கேம் ஆடிக்காட்டும் சிலர் அதைக் கையில் எடுத்தார்கள். சில மாதங்களில் உலகம் முழுக்க அதுதான் பேச்சு. கேம் ஏறக்குறைய அதே கேம்தான். மாறியது அதைச் சுற்றியிருந்த சூழல். தரம்தான் கூட்டத்தைக் கொண்டுவரும் என்றால் அந்தத் தரம் இரண்டு வருடம் எங்கே போயிருந்தது?

இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்தன. முதலாவதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவர் கூடும்போதும் அது மற்றவர்களுக்கு இன்னும் பயனுள்ளதாகும் நிலை. அமோங் அஸ் தனியாக ஆட முடியாத கேம். கூட்டாளிகள் நாலு பேர் ஆடினால் ஐந்தாவது ஆளுக்கு அதில் சேர வலுவான காரணம் இருக்கிறது. கடற்கரையில் எல்லோரும் மென்பந்து ஆடும்போது ஒருவர் மட்டும் கடினபந்து மட்டையோடு வந்து நின்றால் என்ன செய்வார்?

இரண்டாவது, முன்னிலைச் சாதகம். முன்னால் இருப்பதே இன்னும் முன்னால் போகக் காரணமாவது. பட்டியலில் முதலில் இருக்கும் கேமைத்தான் எல்லோரும் முதலில் தொடுகிறோம், தொடுவதால் அது முதலிலேயே இருக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. பாடல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். மத்யூ சல்கானிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வொட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் சயன்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள். 14,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓர் இணையதளத்தில் அறிமுகமில்லாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டு, பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம். சிலருக்குப் பாடல்களின் பெயர் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனிக் குழுவாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். பாடல்கள் எட்டிலும் அவையேதான். ஆனால் ஒரு குழுவில் உச்சிக்குப் போன பாடல் இன்னொரு குழுவில் நடுவில் கிடந்தது. எண்ணிக்கை தெரிந்த குழுக்களில் வென்ற பாடலுக்கும் தோற்ற பாடலுக்கும் இடையிலான இடைவெளியும் பெருத்தது.

இதில் இன்னொரு முடிவைத்தான் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எண்ணிக்கை தெரியாத குழுவில் சிறந்ததாகத் தெரிந்த பாடல்கள் மற்ற எட்டிலும் படுதோல்வி அடைவது அரிது. மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருந்த மற்ற எல்லாவற்றுக்கும் எதுவும் நடக்கலாம். ஆக, தரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓரளவு தேறாதவற்றை அது வடிகட்டுகிறது. வடிகட்டித் தேறியவற்றுள் எது நூறு மில்லியனைத் தொடும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் நேரத்துக்கும் பெரிய பங்கு.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கொன்கோர்ட். சோனி 2024 ஓகஸ்ட் 23-இல் வெளியிட்டு, செப்டெம்பர் 6-இல் நிறுத்திய கேம். இரண்டே வாரம். அதன் சுடும் ஆட்டத்தை மோசம் என்று சொல்லாத விமர்சகர்கள் இருந்தார்கள். ஆனால் 40 டொலர் விலை. அதே மாதிரி ஆட்டத்தைத் தரும் கேம்கள் இலவசமாகவே கிடந்தன, ஆட்களின் கூட்டாளிகளெல்லாம் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். எதிராட ஆள் வேண்டிய கேமில் ஆள் வராவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

இதுவரை சொன்னது: வெகுசன ஈர்ப்புக்கு வாசல், கூட்டாளிகள், நேரம், அதிர்ஷ்டம் எல்லாம் வேண்டும். தரமும் அவற்றோடு சேர்ந்த ஒன்று மட்டுமே.

## சரி, தரம் என்றால்?

முதலில் தரம் இல்லாத இரண்டைத் தள்ளிவைப்போம். படத்தின் தெளிவு தரம் இல்லை. ரெட்ரிஸைப் பாருங்கள். மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1980-களின் நடுவில் செய்தது. நான்கு சதுரங்களைச் சேர்த்தால் கிடைக்கும் ஏழு உருவங்கள், அவ்வளவுதான் அதன் படம். இன்றுவரை அதை விஞ்ச ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். அடுத்தது, எனக்குப் பிடித்தது என்பதும் தரம் இல்லை. ஒரு கேம் நேர்த்தியானது என்று ஒப்புக்கொண்டே அது எனக்குச் சரிவராது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத் தெரியாததால்தான் பாதிச் சண்டை வருகிறது.

தரம் என்றால், ஒரு கேம் எதைச் செய்ய இறங்கியதோ அதை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது என்பதே. பயமுறுத்த வந்த கேம் பயமுறுத்துகிறதா? பந்தயக் கேமில் வண்டி கைக்கு அடங்குகிறதா? பட்டனை அழுத்திய கணமே உருவம் அசைகிறதா? தோற்றபோது ஏன் தோற்றோம் என்று விளங்குகிறதா, அல்லது கேம் ஏமாற்றியதாகத் தோன்றுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. ரெட்ரிஸில் தோற்றவர் கேமைத் திட்டுவதில்லை. அந்த நீளத் துண்டை அங்கே வைத்திருக்கக்கூடாது என்று தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார். கேமின் கடினமும் ஆடுகிறவரின் திறமையும் கூடவே வளர்கின்றனவா என்பதும் இதோடு சேர்ந்தது. வளராவிட்டால் ஒன்றில் சலிப்பு, அல்லது எரிச்சல்.

இப்படிப் பார்த்தால் வியட்நாமின் டொங் நுயென் 2013-இல் வெளியிட்ட ஃப்ளாப்பி பேர்ட்கூட நேர்த்தியான கேம்தான். ஒரு தட்டு, ஒரு பறவை, ஒரு விதி. தோற்றால் தவறு உங்களுடையது. சின்ன ஆசை, அதைச் சரியாக நிறைவேற்றியது. 2014 ஆரம்பத்தில் உலகமே அதில் விழுந்தபோது, அதே பெப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்.

தரம் இருந்தும் கூட்டம் வராத கேம்களுக்கும் குறைவில்லை. 2005-இல் வந்த சைக்கோநோட்ஸையும் 2006-இல் வந்த ஒகாமியையும் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வந்த புதிதில் இரண்டும் விற்கவில்லை. ஒகாமியைச் செய்த குளோவர் ஸ்டூடியோவை அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். கூட்டம் வந்தும் தரம் இல்லாததற்கு 1982-இல் அட்டாரி வெளியிட்ட ஈ.டி. புகழ்பெற்ற உதாரணம். அந்த நேரத்தில் ஓடிய படத்தின் பெயரை வாங்கி, கிறிஸ்மஸுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே ஒருவர் ஐந்து வாரம் போலத்தான் எடுத்துச் செய்தார். பெயருக்காக மில்லியனுக்கும் மேல் விற்றது. அப்புறம் ஆட்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். மிச்சத்தை நியூ மெக்சிக்கோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். அந்தக் காலத்துக் கேம்கள் எல்லாம் தங்கம் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். தங்கம் மட்டும்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றாக அமைந்தவையும் உண்டு. மைன்கிராஃப்ட் 2023-இல் 300 மில்லியன் பிரதிகளைத் தாண்டியது. அதன் தரத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

## இரண்டும் உண்மையிலேயே மோதும் இடம்

அப்படியானால் வெகுசன ஈர்ப்பு தரத்தைக் கெடுப்பதே இல்லையா? கெடுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டாவது கட்சியின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பது அங்கேதான்.

கேம் இலவசம், உள்ளே சில பொருட்களுக்கு மட்டும் காசு என்ற முறையில் பெரும்பாலானவர்கள் ஒரு சதமும் கொடுப்பதில்லை. சிறு பங்கினர் கொடுக்கும் காசில்தான் கேம் ஓடுகிறது. அந்தச் சிறு பங்கினர் கிடைக்க வேண்டுமென்றால் பெரும் கூட்டம் வந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே நிறுவனம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது தக்கவைப்பு என்ற எண்ணை. இன்று ஆடியவர்களில் எத்தனை பேர் நாளைக்கு, அடுத்த வாரம், அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள் என்பதே அது.

கேம் நன்றாக இருப்பதால் திரும்பி வருவதும் தக்கவைப்புத்தான். வராவிட்டால் நாளாந்தப் பரிசு போய்விடும் என்ற பதற்றத்தில் வருவதும் தக்கவைப்புத்தான். எண்ணில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர். முடிந்தால் ஓர் உயிர் திரும்ப வர அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்கலாம். அந்த அரை மணித்தியாலம் ஆட்டத்தைச் சுவையாக்க வைத்தது இல்லை. உங்களை ஒரு நாளில் பல தடவை போனை எடுக்கவைக்க வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டிகள் இன்னும் ஒரு படி மேலே. பெல்ஜியம் 2018-இல் அவற்றில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அம்மாவின் போனில் இருந்த ரீலோட் காசு கேமுக்குள் செலவழிக்கும் டயமண்டாக மாறிய கதை நம்மூரில் எத்தனை வீட்டில் கேட்கலாம்!

ஆகவே குற்றவாளி கூட்டம் இல்லை. கூட்டத்தைப் பிடித்து வைப்பதே வியாபாரம் ஆகும்போது, ஆட்டத்தைச் செதுக்கப் போயிருக்க வேண்டிய உழைப்பு பிடித்து வைக்கும் வேலைக்குப் போகிறது.

## எண்களைப் பார்க்கும் முறை

கேம் வாங்குமுன் நாம் பார்க்கும் எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண் வாசலின் அகலத்தைச் சொல்லும். இறக்கி ஐந்து நிமிடத்தில் அழித்தவரும் அதில் ஒருவர்தான்.

கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தெரியும் சதவீதம், வாங்கி மதிப்புரை எழுதியவர்களில் எத்தனை பேர் பரிந்துரைத்தார்கள் என்பது. எவ்வளவு பிடித்தது என்பதை அது சொல்லாது. ரயில் ஓட்டும் கேமை ரயில் பைத்தியங்கள் மட்டும் வாங்கினால் சதவீதம் உயரத்தான் செய்யும். எல்லோரும் வாங்கும் கேமுக்கு, அது ஒத்துவராதவர்களும் வந்து சேர்வதால் சதவீதம் இறங்கும். 95 வாங்கிய கேம் 85 வாங்கியதைவிட உங்களுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. அண்மைய மதிப்புரைகளைத் தனியாகக் காட்டுவார்கள், அதை அவசியம் பாருங்கள். 2016-இல் வந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிய நோ மேன்ஸ் ஸ்கை, வருடக்கணக்காகத் திருத்தி இன்று வேறு கேம் ஆகிவிட்டது. தரமும் மாறும்.

மெட்டாகிரிட்டிக் என்பது விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டிய சராசரி. தரத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும் எண் இதுதான், ஆனாலும் அதைத் தராசு முள் போல நம்ப முடியாது. 2010-இல் ஃபால்அவுட் நியூ வேகாஸைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, 85 புள்ளி கிடைத்தால் மேலதிகக் கொடுப்பனவு என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தில் கேம் எதை இழந்தது என்று யாராலும் காட்ட முடியாது. அதை இன்றும் எடுத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்கள் எதிலும் நம்பிக்கை வரவில்லையென்றால் நேரே ஆடிப் பார்க்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பித் தருவார்கள். மெதுவாகத் தொடங்கும் கேமுக்கு அந்த நேரம் போதாது என்பது உண்மை. அந்த விதி தெரிந்த கேம் குழுக்கள் நல்லவற்றை முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடுக்கிவிடத் தூண்டப்படுவார்கள் என்பதும் உண்மை. எனவே ஆடியவரிடம் தொடக்கம் எப்படி என்று கேட்காதீர்கள், பத்தாவது மணித்தியாலம் எப்படி என்று கேளுங்கள்.